அக்கா உரசியது இரண்டே சுற்று

மூன்று வருடத்துக்கு முன்பு, மாசி மாதம் நடந்தது இது. கச்சிராயபாளையத்தில் என் மாமியார் வீட்டில் இருந்தேன். ஊரெல்லாம் கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நேரம். என் மகளுக்கு அப்போது மூன்றரை மாதம். இந்த விஷயத்தை இதுவரை யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கியிருக்கிறேன். இன்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு வாய் ஜாஸ்தி. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அதனாலோ என்னவோ, எதிரில் யார் நின்றாலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிதான் எனக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை இருந்த பத்து மாதமும் போனில் குழந்தை வளர்ப்பு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பிரசவம் தியாகதுருகத்தில் அம்மா வீட்டில். மூன்றாம் மாதம் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பியபோது, அம்மா என் பையில் ஒரு சின்ன டப்பாவை வைத்து அனுப்பினார். திறந்து பார்த்தால் உள்ளே உரை மருந்தும் அதை உரசுகிற சின்னக் கல்லும்.

உரை மருந்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் விளக்கத் தேவையே இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் வேக வைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருப்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் ஒரு சின்னக் கல்லில் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, இரண்டு சுற்று உரசி நாக்கில் தடவுவார்கள். செரிமானத்துக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. ஜாதிக்காய் தூக்கத்துக்கு.

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது, தெரியுமா?" என்று அம்மாவிடம் ஒரு பாடம் நடத்தினேன். டப்பாவைத் தூக்கி எறியப் போனேன். அம்மா முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத் துணிகளுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

மாமியார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் ஒரு பிரின்ட் எடுத்து வந்து சமையல்கட்டுக் கதவில் ஒட்டினேன். 'பாப்பாவுக்குக் கொடுக்கக் கூடாதவை' என்று தலைப்பு. தேன் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் கூடாது. கழுதைப்பால் கூடாது. உரை மருந்து கூடாது. அத்தை வந்து நின்று பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"இன்னாமே இது, ரேஷன் கடை போர்டு கணக்கா?" என்றார். "நான் நாலு பெத்து வளத்தேன். எந்த போர்டப் பாத்து வளத்தேன்?"

"அது அந்தக் காலம் அத்தை" என்று ஒரே போடாகப் போட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் கணவருடைய அண்ணன் மனைவி. எங்கள் எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம். குழந்தை இல்லை. சேலம் வரைக்கும் போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளையும் இந்த வீட்டில் வைத்துக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டது அக்காதான். அப்போதெல்லாம் ஒன்றும் சொல்லாத அத்தை, மகன் வயிற்றுப் பேத்தி என்றதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கொழந்த இல்லாதவ கையில பச்சப் புள்ளயக் குடுக்காத. நான் சொல்றதக் கேளு."

எனக்கு வந்ததே கோபம்! இந்தக் காலத்தில் இப்படிப் பேசலாமா, அக்கா காதில் விழுந்தால் என்ன நினைப்பார் என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். மறுநாளே பிள்ளையை எடுத்துப் போய் அக்கா மடியில் போட்டு, "தினமும் நீங்கதான் குளிப்பாட்டணும்" என்றேன். அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ரொம்பப் பெருமை. எப்பேர்ப்பட்ட நல்லவள் நான் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காலையில் ஒன்பது மணிக்குக் குளியல். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, வெந்நீரை விளாவி, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற அழகே தனி. என் மகள் குரலே எடுக்க மாட்டாள். குளித்ததும் பால் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவாள். நாள் முழுக்க அவள் தூங்குவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கோழித் தூக்கம். கீழே படுக்கப் போட்டதும் விழித்துக்கொள்வாள்.

அந்த வாரம் பதினாலாவது வாரத் தடுப்பூசி போட்டு வந்தோம். இரண்டு நாள் காய்ச்சல், அழுகை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது எனக்கு. மூன்று மாதமாக நான் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். இரண்டாம் நாள் சாயங்காலம் சமையல்கட்டில் அக்கா முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஒரு ரெண்டு மணி நேரம் தூங்கினாப் போதும்க்கா. இல்லன்னா செத்துப் போயிடுவேன்."

"சீ, வாயக் கழுவு" என்றார் அக்கா. "நாளைக்குத் தூங்கிடும் பாரு."

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. குளிப்பாட்டித் துடைத்து அக்கா கொண்டுவந்து கொடுத்தார். பால் கொடுத்தேன். என் நேரம், அன்றைக்கென்று பிள்ளை தூங்கவே இல்லை. சிணுங்கிக்கொண்டே இருந்தாள். என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். விடிவதற்குள் மரவள்ளிக் கிழங்கு ஏற்றக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். அக்காவின் கணவரும் அத்தையும் கரும்பு வெட்டு நடக்கிற இடத்தில். அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் அந்த டப்பா ஞாபகம் வந்தது.

அறைக் கதவைத் தாழ் போட்டேன். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, துணிகளைக் கலைத்து டப்பாவை எடுத்தேன். ஜாதிக்காயை எத்தனை சுற்று உரச வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பத்தடி தூரத்தில் அக்கா இருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். எப்படிக் கேட்பது? அதைக் கூடாது என்று கதவில் ஒட்டியவளே நான்தானே! போனில் தேடினால் 'கொடுக்காதீர்கள்' என்றுதான் வரும். உரசினேன். கொஞ்சமாக இருக்கிறதே, இது போதுமா என்று இன்னும் கொஞ்சம் உரசினேன். கல் முழுக்கப் பழுப்பாக ஆகும்வரை உரசினேன். அவ்வளவையும் விரலால் வழித்துத் தாய்ப்பாலில் குழைத்து, பாலாடைச் சங்கில் எடுத்துப் பிள்ளை வாயில் ஊற்றினேன். முகத்தைச் சுளித்தாள். துப்பப் பார்த்தாள். நான் விடவில்லை.

பிறகு கல்லைக் கழுவித் துடைத்து டப்பாவைப் பழையபடி ஒளித்து வைத்தேன். வாசனை தெரியக் கூடாது என்று அறையில் பவுடரைக்கூடக் கொட்டினேன். சொந்த வீட்டில் திருடுகிறவள் மாதிரி இருந்தது எனக்கு. அரை மணி நேரத்தில் பிள்ளை தூங்கிப்போனாள். அப்பாடா என்று நானும் பக்கத்தில் சாய்ந்தேன்.

எழுந்தபோது ஜாக்கெட் முழுக்க நனைந்து, பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது. மணி நாலு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! உடம்பே லேசாக இருந்தது. பால் கொடுக்கலாம் என்று சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கினேன்.

தலை பின்னால் தொங்கியது. கை ஈரத்துணி மாதிரி விழுந்தது.

உள்ளங்காலைச் சுண்டினேன். கன்னத்தைத் தட்டினேன். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது, உதடு காய்ந்து கிடந்தது. மார்பில் வாயை வைத்து அழுத்தினேன். பால் தானாக வழிந்து அவள் கன்னத்தில் ஓடியதே தவிர, வாய் அசையவில்லை. இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழி பெரிசாக, என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அக்கா ஓடி வந்தார். வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அத்தையும் வந்து மாரில் அடித்துக்கொண்டார். கணவருக்குப் போன் போட்டால் கிடைக்கவே இல்லை. மலையில் ஏறிவிட்டால் பாதி இடத்தில் டவர் இருக்காது. தெருக்கோடி ஆட்டோவைக் கூப்பிட்டு மூன்று பேரும் ஏறினோம்.

கள்ளக்குறிச்சி போகிற வழியெல்லாம் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். "பச்சப் புள்ளங்க, வழி வுடுங்க" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினார். மூச்சு வருகிறதா என்று பிள்ளை மூக்கிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை, "ஊசி போட்டதாலதான், ஊசி போட்டதாலதான்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கத்தான் வேண்டும். ஆட்டோவில் ஏறும்போதே எனக்குத் தெரியும், ஜாதிக்காய்தான் என்று.

அங்கே ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா பிள்ளையை வாங்கி மேஜையில் கிடத்தி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபடியே கேட்டார். "காலையிலருந்து என்னென்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால் மட்டும்தான் டாக்டர். வேற எதுவும் குடுக்கறதில்ல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. மூன்று மாதமாகப் பெருமையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. சொல்லிவிட்ட பிறகு மாற்ற முடியவில்லை.

சர்க்கரை பார்க்கக் குதிகாலில் குத்தினார்கள். ஊசி இறங்கியபோதும் பிள்ளை காலை இழுக்கவில்லை. கீழே விழுந்ததா, பூச்சி ஏதாவது கடித்ததா, வீட்டில் யாராவது தூக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன்.

"நாட்டு மருந்து ஏதாச்சும்?"

நான் குனிந்துகொண்டேன். அப்போது என் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் குடுத்தேங்க."

திரும்பினேன். அக்கா! ஒரு நிமிடம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் கொடுத்ததைப் பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அக்கா நிஜமாகவே கொடுத்திருந்தார்.

"காலைல தண்ணி ஊத்தி எடுத்ததும் ஜாதிக்கா ரெண்டே சுத்து உரசி நாக்குல தடவுனேங்க. இந்தப் பொண்ணு ரெண்டு நாளா கண்ண மூடல. பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டுமேன்னு. தரக் கூடாதுன்னு அது சொல்லியிருந்திச்சு. அதுக்குத் தெரியாமதான் குடுத்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அத்தை பாய்ந்துவிட்டார். "அடிப்பாவி! வயிறு காஞ்சவ கையில குடுக்காத குடுக்காதன்னு தலையால அடிச்சுகினேனே! நீ ஒன்னப் பெத்திருந்தா ஒனக்குத் தெரியும்டி. என் புள்ள குலத்த அழிக்கவா வந்த? அவ பெத்துட்டாளேன்னு பொறுக்கலையா ஒனக்கு?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். டாக்டரம்மா சத்தம் போட்டு, நர்ஸை விட்டு இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்.

நான் என்ன செய்தேன்? வாயைத் திறக்கவில்லை. அக்காவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் வீட்டையே இரண்டாக்குகிற நான், அந்த அறையில் ஊமைபோல நின்றேன். உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அக்கா சொல்லியாகிவிட்டது. ஜாதிக்காய் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. வைத்தியம் பார்த்துவிடுவார். இனி நானும் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும்போது, பெற்றவள் எனக்கு இந்த யோசனை வந்தது. கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா நாடி பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டு சுத்துக்கு இவ்வளவு மயக்கம் வராதும்மா. அதுவும் காலைல ஒம்போது மணிக்குக் குடுத்தது. எனக்கு இது சரியாப் படல. ரெண்டு நாள் காய்ச்சல் வேற இருந்திருக்கு. மூளைக்காய்ச்சலா இருக்குமோன்னு பாக்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. சேலத்துக்கு எழுதித் தரேன், உடனே கிளம்புங்க" என்று லெட்டர் எழுத உட்கார்ந்தார். நர்ஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"இவ்ளோ சின்னக் கொழந்தைக்கா டாக்டர்? முதுகுலயா?"

"வேற வழியில்லம்மா. காரணம் தெரியணுமில்ல?"

மேஜையைப் பார்த்தேன். டயப்பரோடு கிடந்தாள். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அவள் முதுகு முழுவதும் அடங்கிவிடும். அந்த முதுகில் குத்தப்போகிறார்கள். வராத ஒரு நோயைத் தேடி! சேலம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். வழியில் மூச்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நானும் குடுத்தேன் டாக்டர்."

பேனா நின்றது. "என்னது?"

"ஜாதிக்கா. நானும் குடுத்தேன். பதினொன்னரைக்கு. அவங்க குடுத்தது எனக்குத் தெரியாது."

"எத்தன சுத்து?"

"தெரியல டாக்டர். எண்ணல. கல்லு முழுக்க."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "உள்ள வந்ததும் இதச் சொல்லியிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். கடகடவென்று வேலை நடந்தது. மூக்கில் குழாய் வைத்தார்கள், கையில் நரம்பு தேடி மருந்து ஏற்றினார்கள், விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். சேலம் இப்போதைக்கு வேண்டாம், இங்கேயே வைத்துப் பார்க்கலாம், மறுபடி காய்ச்சல் வந்தாலோ மூச்சு குறைந்தாலோ பிறகு யோசிக்கலாம் என்றார். மயக்கம் தானாகத் தெளிய வேண்டும், அதுவரை மூச்சைக் காவல் காப்பதுதான் வைத்தியம் என்றார்.

நான் வெளியே வந்தேன். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து போனில் யாரோ உறவுக்காரரிடம் அழுதுகொண்டிருந்தார். "மூத்தவதான், கண்டதையும் குடுத்து..." என்று காதில் விழுந்தது. அக்கா மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தையின் கையைப் பிடித்துப் போனை இறக்கினேன்.

"அத்தை, அக்கா இல்ல. அக்கா குடுத்ததால ஒன்னும் ஆகல. நான்தான். நானும் ஜாதிக்கா உரசி ஊத்தினேன், அளவு தெரியாம. என்னாலதான் பாப்பா இப்படிக் கெடக்குது."

என் தலைமுடியைப் பிடித்து அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அக்காவைச் சொன்னதெல்லாம் என்னைச் சொல்லட்டும் என்று தயாராக நின்றேன். அத்தை போனை மடியில் வைத்தார். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார்.

"நீ இன்னாம்மா பண்ணுவ, பச்ச ஒடம்புக்காரி. தூக்கம் இல்லாம தெரியாம குடுத்துட்ட. பெத்தவ வேணும்னா குடுப்பா? அழாத. பால் கட்டிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குப் பட்ட அதிர்ச்சிகளில் பிள்ளை தலை தொங்கியது ஒன்று என்றால், இது இன்னொன்று. அதே ஜாதிக்காய். அளவு தெரிந்து, சுற்று எண்ணி, கேட்டதும் ஒத்துக்கொண்டவர் கொடுத்தது குலத்தை அழிக்க. எண்ணாமல் ஊற்றி, மறைத்து, பொய் சொன்னவள் கொடுத்தது தெரியாமல் செய்தது! அத்தை கெட்டவர் இல்லை. அவர் பேசியதில் கொஞ்சம்கூட வஞ்சகம் இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. "அத்தை, அக்காகிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தை அக்கா நின்ற பக்கம் திருப்பவே இல்லை.

விடியும் நேரத்தில் பிள்ளை உதட்டைச் சப்பினாள். கொஞ்ச நேரத்தில் கை அசைந்தது. ஆறு மணிக்கு வீலென்று அழுதாள் பாருங்கள், அந்த அழுகைக்கு ஈடாக எந்தச் சத்தத்தையும் நான் கேட்டதில்லை. மலையிலிருந்து இறங்கியதும் செய்தி தெரிந்து ஓடி வந்திருந்த என் கணவரும் கூடவே அழுதார். ஜாதிக்காய் கொடுத்ததை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

நான் ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தார். ராத்திரி சாப்பிட்டாரா என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எழுந்து வந்தவர் அறை வாசலோடு நின்றுவிட்டார்.

"அழுவுதா? அழுவட்டும், நல்லா அழுவட்டும்" என்றார். உள்ளே வாங்கக்கா என்று கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா முழுசாகச் சோதித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் எங்களுக்கு முன்பே பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. அத்தை போனில் சொன்ன முதல் பாதிதான் தெருவெல்லாம் சுற்றியது. நான் சொன்ன மறுபாதியை யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அக்கா இல்லீங்க, நான்தான்" என்று சொன்னேன். "ஓரகத்திய வுட்டுக் குடுக்காம பேசுது பாரு" என்று அதற்கும் என்னைத்தான் மெச்சினார்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அக்கா வெந்நீர் விளாவி வைத்திருந்தார். மணையை எனக்காகப் போட்டிருந்தார். பிள்ளையை நீட்டினேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீயே ஊத்தும்மா. நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

அப்படித்தான் நான் குளிப்பாட்டப் பழகினேன். கழுத்தை இப்படிப் பிடி, காதில் தண்ணீர் போகாமல் கையை வை என்று தள்ளி நின்று சொல்வார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். தொடமாட்டார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் முடியவில்லை. சொம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். "என்ன நாலு வார்த்த திட்டுங்கக்கா. அன்னிக்கு அத்தை அப்படிப் பேசும்போது கல்லு மாதிரி நின்னேன். என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

அக்கா உருண்ட சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்னு கேக்கறேன். டாக்டரம்மா அந்த முதுகு ஊசிப் பேச்சே எடுக்கலன்னு வச்சுக்க. சும்மா மருந்து குடுத்து அனுப்பியிருந்தா, நீ சொல்லியிருப்பியா?"

'சொல்லியிருப்பேன்க்கா' என்று சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு எழவில்லை. அதற்கு மேல் அவரிடம் ஒரு பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"சரி வுடு. தண்ணி ஆறுது பாரு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. என் மகள் தவழ ஆரம்பித்தபோது, யாரையும் கேட்காமல் அவளாகவே அக்கா மடியில் போய் ஏறிக்கொண்டாள். தள்ளிவிட அக்காவுக்கு மனசு வரவில்லை. இப்போது பெரியம்மா ஊட்டினால்தான் சோறே இறங்கும் அவளுக்கு. பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கைக்குழந்தை இருக்கிற இடத்திலிருந்து அக்கா தானாக நகர்ந்து சமையல் பக்கம் போய்விடுவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மயக்கத்தில் கிடந்த என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவள் ஒருத்தி அந்த அறையில் நின்றாள். அவள் வேறு யாருமில்லை, நான்தான். அக்கா கேட்ட கேள்விக்கு இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ முறை தனியாக இருக்கும்போது பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு முறைகூட 'ஆமாம், சொல்லியிருப்பேன்' என்று என் வாயில் வரவில்லை.